குலதெய்வக் கோயிலைக் கேட்டிருக்கக் கூடாது

மனநலக் கவுன்சலிங் படிப்பில் சேரலாமா வேண்டாமா என்று ஒரு மாதமாக யோசனை. இன்று விண்ணப்பத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு, கொடுத்துவிடலாம் என்று சிங்காநல்லூரில் டவுன் பஸ் ஏறினேன்.

பக்கத்து சீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா. வெயிலைப் பற்றி ஆரம்பித்தவர், எப்படியோ மகளிடம் வந்து நின்றார். கல்யாணமாகி நாலே மாதத்தில் அவள் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாளாம்.

“திரும்பிப் போகமாட்டீங்கறா. சொந்தபந்தம் கேட்டா லீவுல வந்திருக்கான்னு சொல்லிப்போடறேனுங்க. உங்ககிட்டத்தான் நெசத்தச் சொல்றேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் குறுக்கே பேசவில்லை. புத்திமதி சொல்லவில்லை. நமக்கு இது வரும்போலிருக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு பெருமை.

அந்தப் பெருமையில் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஏனுங்கக்கா, உங்க குலதெய்வக் கோயில் எங்கீங்க?”

நம்மூரில் யாரைப் பார்த்தாலும் தானாக வரும் கேள்வி. காரமடைப் பக்கம் ஒரு கோயிலைச் சொன்னார். என் வீட்டுக்காரருக்கும் அதே கோயில்தான். அதையும் சொல்லித் தொலைத்தேன்.

“அட, அப்ப நம்ம ஒறம்பரைங்களா!” என்று உறவு கொண்டாடிச் சிரித்தவர், சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“புள்ள லீவுலதான் வந்திருக்குதுங்க அம்மணி. அடுத்த வாரம் போயிருமுங்க.”

அப்புறம் இறங்கும்வரை வெயிலைப் பற்றியே பேசினோம்.

விண்ணப்பம் இன்னும் பையில்தான் இருக்கிறது. காதுகொடுக்க அங்கே சொல்லித்தருவார்களாம். இந்த ஒரு கேள்வியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ள நமக்கெல்லாம் எத்தனை வருடப் படிப்பு வேண்டும்? சொல்லுங்கள், ஒறம்பரைகளே.