இடப்பக்கத்து அறை

எவ்வளவு உயரத்தில் பந்து வந்தாலும் தலையால் முட்டித் திருப்பி அனுப்புவார். அதனால் அவருக்கு ‘இரும்பு மண்டை’ என்று பெயர். பல வருஷம் ஒரே கால்பந்து கிளப்பில் தடுப்பாட்டக்காரர். கைதட்டியவர்களில் ஒருவராவது அந்த மண்டைக்குள் என்ன ஆகிறது என்று கேட்டாரா? கேட்கத் தோன்றினால்தானே!

ஓய்வுக்குப் பிறகு பக்கத்து ஊர் கிளப் அவரைக் கோச்சாக எடுத்துக்கொண்டது. கொஞ்ச காலம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் மகளைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஸ்கேனைப் பார்த்த மருத்துவர், பந்தை முட்டி முட்டி வந்த வினை என்றார்.

மனைவிதான் அதை மூடி மறைத்தாள். இந்த சீசன் முடிந்துவிட்டால் மனிதர் மானத்தோடு விடைபெறலாம், பாதியில் அனுப்பினால் இடிந்துபோவார் என்று பயந்தாள். ஆட்டம் தவறாமல் கூடவே போனாள். “அண்ணிதான் இப்போ கோச்சுக்கே கோச்சு” என்று பையன்கள் கிண்டலடித்தார்கள். சிரித்து மழுப்பினாள்.

கடைசி ஆட்டம் மஞ்சள் சட்டை போடும் அவருடைய பழைய கிளப்போடு, அவர்கள் மைதானத்தில். இடைவேளையில், உடைமாற்றும் அறைகளுக்கு வெளியே அவள் காத்திருந்தாள். வந்திருந்த அவர் அணிக்கு வலப்பக்கத்து அறை, பழைய கிளப்புக்கு இடப்பக்கத்து அறை. அவரோ விறுவிறுவென்று வந்து இடப்பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

“ஏங்க! அங்க இல்லங்க!”

அவர் காதில் விழவில்லை. உள்ளே அவர் குரல் கணீரென்று கேட்டது. “அவங்க லெஃப்ட் பேக்குக்கு முழங்கால் வலி. அந்தப் பக்கமாவே போங்க. நம்ம கிளப் மானம் உங்க கையிலதான்டா இருக்கு!”

தன் அணியில் இடப்பக்கம் தடுத்தாடும் பையனின் வலியைத் தானே எதிராளிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மஞ்சள் சட்டைக்காரர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு காலத்தில் அவருக்குப் பின்னால் நின்று ஆடிய கோல்கீப்பர்தான் இப்போது அவர்களுடைய கோச். பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து, தோளில் கைபோட்டு வெளியே அழைத்து வந்தார்.

“எத்தனை நாளா அண்ணி இப்படி?”

அவளுக்கு அழுகை முட்டியது.

“அழாதீங்க. நாங்க யாரும் வாய் திறக்க மாட்டோம். அந்தப் பக்கம் போகவும் மாட்டோம்.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். ஒரு பந்துகூட அந்தப் பக்கம் போகவில்லை. இருந்தும் ஜெயித்தது மஞ்சள் சட்டைதான்.

அவருடைய பையன்கள் புல்லில் சரிந்து அழுதார்கள். அவரோ இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, அவர்களைத் தாண்டி, அவளிடம் ஓடிவந்தார்.

“பாத்தியா, ஜெயிச்சிட்டோம்!”

பையன்கள் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். இனி மறைக்க என்ன இருக்கிறது? தோற்ற அணியின் சட்டையில் நின்ற அவருடைய நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

“ஆமாங்க,” என்றாள். “ஜெயிச்சிட்டோம்.”