பஞ்சாரத்துக்குள் ஏழு விரால்

எனக்கு எண்பத்திரண்டு வயது. பெற்றது ஒன்பது, வளர்த்தது ஏழு. ஏழும் இன்றைக்குக் கல்லுக்குண்டாக இருக்கின்றன. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும், அதுவும் கோழி கிளறினது மாதிரி இருக்கும். ஆனால் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எவளாவது என்னிடம் பேச வந்தால் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒருத்திக்கு மட்டும் விட்டுக்கொடுப்பேன். அவள் என் அத்தை, அய்யாவின் அக்காள். எனக்கு எட்டு வயதாயிருந்தபோது அவள் வளர்த்துக் காட்டியது பிள்ளையை அல்ல, மீனை.

மலைமேல் பெரிய அணையைக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அணைத் தண்ணீர் இன்னும் எங்கள் பக்கம் இறங்கவில்லை. காமயகவுண்டன்பட்டியைத் தாண்டினால் எங்கள் ஊர். பாதி ஊர் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்; நாங்களும் அதில் சேர்த்தி.

அத்தை மூன்று பெற்றாள். மூன்றையும் வருசம் திரும்புமுன் புதைத்தாள். புருசனும் போன பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். “அவ கை வச்சது விளங்காது” என்று ஊரில் ஒரு பேச்சு. நாற்றுமுடி எடுத்துக் கொடுக்க அவளைக் கூப்பிட மாட்டார்கள். கோழியை அடை வைக்கிற அன்றைக்கு என் ஆத்தாளே, “மதினி, நீங்க செத்த கோயிலுக்குப் போயிட்டு வாங்களேன்” என்பாள். அத்தை முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு போய்விடுவாள். கோயிலில் அந்த நேரம் யாரும் இருக்க மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருசம் தை மாதத்தில் எங்கள் தெருவில் ஒரு பெண் பிரசவத்தில் இறந்துபோனாள். அவள் புருசன் அணை வேலைக்கு மலையேறிப் போய், அங்கேயே காய்ச்சலில் முடிந்திருந்தான். பிறந்தது பெண். பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளைக்குக் கொடுத்தது போக மிச்சப் பாலை அதற்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அத்தை அந்தப் பிள்ளையைக் கேட்டாள்.

கேட்டது உபதேசியாரிடம். சாமியார் இல்லாத நாட்களில் கோயிலையும் ஊரையும் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். “சாமியார் தவக்காலத்துல வருவாக. அவுக சொல்றதுதான் முடிவு. என்னையக் கேட்டா, கன்னியர் மடத்துக்கு அனுப்புறதுதான் அந்தச் சீவனுக்கு நல்லது” என்றார்.

இனி மீன் கதைக்கு வருகிறேன். வெள்ளைக்காரச் சாமியார் வருசத்துக்கு ஒரு தடவை, தவக்காலத்தில், பாவசங்கீர்த்தனம் கேட்க, அதாவது நாங்கள் எங்கள் பாவங்களைச் சொல்லக் கேட்டு மன்னிக்க, வருவார். அந்த நாற்பது நாளும் அவர் கறி தொடமாட்டார். மீன் சாப்பிடுவார். ஆனால் அவர் வருகிற நேரத்தில் எங்கள் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆகவே தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முன்னாலேயே, கண்மாயின் கடைசிக் குட்டையில் அய்யா விரால் பிடித்து வந்து, மாடு தண்ணீர் குடிக்கிற கல்தொட்டியில் விட்டு வைப்பார். எங்கள் வீட்டுக்கென்று இருந்த மரியாதை அது. மரியாதைதான் பெரிதே தவிர, மீன் பெரிதில்லை. வருசா வருசம் ஏழு எட்டு உள்ளே போகும், மிஞ்சினால் ஒன்று வெளியே வரும். அதுவும் நூலாக இளைத்து, முதுகில் பஞ்சு பூத்து வரும். சாமியார் அதைப் பார்த்துவிட்டு, “இன்றைக்கு எமக்கு ரசம் போதும்” என்று புத்தகத் தமிழில் சொல்லுவார்.

அந்த வருசம் அய்யா ஏழு விரால் கொண்டுவந்தார். அத்தை, “தம்பி, மீன நான் பாத்துக்கிறேன்” என்றாள். அங்கே நின்ற உபதேசியார் சிரித்தார்.

“பாக்கட்டுமே! ஏழையும் சாமியார் வாற வரைக்கும் உசுரோட வச்சுக் காட்டட்டும். புள்ளையப் பத்தி நானே சாமியார்கிட்டப் பேசுறேன்.”

“செத்துப்போச்சுன்னா?” என்றாள் ஆத்தா.

“செத்துப்போச்சுன்னா நான் என்னத்தப் பேச?”

முதல் மூன்று நாள் அத்தை தொட்டிப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். “மதினி மீனுக்குக் கத சொல்றாக” என்று ஆத்தா கேலி பண்ணினாள். நாலாம் நாள் அத்தை எழுந்து, தொட்டித் தண்ணீரில் ஒரு சாண் இறைத்து வெளியே ஊற்றினாள். விரால் துள்ளி வெளியே விழுமென்று நாங்கள் எப்போதும் தொட்டியை விளிம்பு வரை நிரப்பிப் பலகை போட்டு மூடுவோம். “அது மேல வந்து வாயத் தெறந்து காத்துக் குடிக்குதுல்ல. மூக்குல பலகைய வச்சு அமுக்குனா சாகாம என்ன செய்யும்?” என்றாள். பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டு, கோழி கவிழ்க்கிற மூங்கில் பஞ்சாரத்தைக் கொண்டுவந்து தொட்டி மேல் கவிழ்த்தாள். அது குடை மாதிரி எழும்பி நின்றது. காற்றும் போனது, மீனும் துள்ளி விழவில்லை. கோழிகள்தான் வீடெல்லாம் மேய்ந்து ஆத்தாளிடம் அடி வாங்கின.

தண்ணீர் மாற்றுவதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆச்சரியந்தான். நாங்கள் நாறினால் மொத்தத்தையும் கொட்டிவிட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தோடு ஊற்றுவோம். அத்தை மரத்தடியில் மூன்று பானையில் முதல் நாளே தண்ணீர் பிடித்து வைப்பாள். மறுநாள் தொட்டித் தண்ணீரில் கால்வாசியை மட்டும் எடுப்பாள். பிறகு ஒரு முழங்கையைத் தொட்டியிலும் இன்னொன்றைப் பானையிலும் விட்டுப் பார்ப்பாள். இரண்டும் ஒன்று போல இருந்தால்தான் ஊற்றுவாள். பச்சைப் பிள்ளைக்கு வெந்நீர் பார்க்கிற மாதிரி. வாய்க்காலில் மிச்சமிருந்த பாசியைக் கொண்டுவந்து போட்டாள். நாலு நத்தையும் விட்டாள். தொட்டிச் சுவரில் படிந்த வழுக்கலை நத்தை தின்றது.

தீனி விசயத்தில் மட்டும் கை இறுக்கம். தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மண்ணைக் கிளறி நான் மண்புழு எடுத்துக் கொடுப்பேன். கை நிறையக் கொடுத்தால் ஆளுக்கு ஒன்று போட்டுவிட்டு மிச்சத்தை மண்ணுக்கே விட்டுவிடுவாள். அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

“ஏன் மதினி, மீனுக்கும் ஒருசந்தியா?” என்றாள் ஆத்தா. ஒருசந்தி என்றால் தவக்காலத்தில் எங்கள் பெரியவர்கள் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு இருப்பது.

“ஆமாத்தா. வேதக்காரவுக வீட்டுக்கு வந்த மீனு ஒருசந்தி இருக்க வேணாமா?” என்றாள் அத்தை. இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் அதை அப்படியே நம்பினேன்.

மீன்களில் பெரியதற்கு நான் ராயப்பர் என்று பெயர் வைத்திருந்தேன். ஆண்டவரின் முதல் சீடரான ராயப்பர் மீன் பிடித்தவர் என்று ஞானோபதேசத்தில் படித்திருந்தேன். மீனுக்கு அதைவிட நல்ல பெயர் எனக்குத் தெரியாது. உபதேசியார் காதில் விழுந்து, என் காதைத் திருகினார். ராயப்பர் என் விரலைக் கண்டால் மேலே வருவார். கறுத்த முதுகு, வயிற்றில் புகை நிறம், கண் மட்டும் தாமிரக் காசு மாதிரி.

தவக்காலத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஒருசந்தி கிடையாது, தவக்காலமானாலும் அன்றைக்கு வயிறார உண்ணலாம் என்று உபதேசியார் படிப்பித்திருந்தார். வீட்டில் ஆத்தா வெல்லப் பணியாரம் சுட்டிருந்தாள். எல்லோரும் தின்றார்கள். தொட்டிக்குள் ஏழு பேர் மட்டும் இன்னும் ஒருசந்தி. அத்தைக்கு ஞாயிற்றுக்கிழமை மறந்துபோயிற்று என்று நினைத்தேன். பெரியவர்கள் செபத்துக்குப் போனதும் ஆறு பணியாரத்தையும் இரண்டு கை சோளச்சோற்றையும் பஞ்சாரத்தைத் தூக்கி உள்ளே போட்டேன். ராயப்பர் மேலே வந்து பார்த்தார். எனக்கு அவ்வளவு சந்தோசம்.

திங்கட்கிழமை அத்தை பக்கத்து ஊரில் ஒரு சாவுக்குப் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை விடிந்து நான் போய்ப் பார்த்தபோது, அவள் முழங்கை வரை தொட்டிக்குள் விட்டுக்கொண்டு நின்றாள். தண்ணீர் கஞ்சித் தண்ணீராக இருந்தது. மேலே எண்ணெய் மிதந்தது. இரண்டு மீன் வயிறு வெளுத்து மல்லாந்து கிடந்தன. ராயப்பர் ஒருக்களித்து மூலையில் கிடந்தார். வாய் மட்டும் அசைந்தது.

அத்தை பானைகளில் இருந்த தண்ணீரை அகலத் தாழியில் ஊற்றி, ஒரு கை உப்பைக் கரைத்து, உயிரோடிருந்த ஐந்தையும் ஈரத்துணியில் அள்ளி அதில் விட்டாள். பிறகு தொட்டித் தண்ணீரையெல்லாம் இறைத்துக் கொட்டினாள். அடியில் கிடந்தது என்னவென்று பார்த்தாளோ இல்லையோ, தேங்காய் நாரும் மணலும் போட்டு அவசர அவசரமாகத் தேய்த்தாள். கழுவின தண்ணீரையும் கசடையும் தென்னை மூட்டில் ஊற்றி மண்ணைத் தள்ளி மூடினாள். அதற்கு அப்புறந்தான் ஆத்தாளைக் கூப்பிட்டாள். நல்லவேளை, அத்தை ஒன்றையும் கவனிக்கவில்லை என்று நான் மூச்சு விட்டேன்.

ஊர் வந்து பார்த்தது. உபதேசியார் செத்த மீனை வாலைப் பிடித்துத் தூக்கினார். “நான் என்னத்தச் சொன்னேன்? மீனே தங்கல. இதுல பச்சப்புள்ளைக்கு ஆசப்படுறா.” பால் கொடுக்கிற பக்கத்து வீட்டுக்காரி, இடுப்பிலிருந்த அந்தப் பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு இரண்டு அடி தள்ளி நின்றாள். அத்தை அதைப் பார்த்தாள். அப்போதும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. ஆத்தாளின் கை எனக்குத் தெரியும்.

அடுத்த நாட்களில் ராயப்பருக்கு முதுகில் வெள்ளையாகப் பஞ்சு பிடித்தது. பிடித்தால் பிழைக்காது என்றார் அய்யா. அத்தை அவரைத் தனியாக ஒரு பானையில் விட்டாள். காலையும் மாலையும் ஈரத்துணியில் ஏந்தி, இடித்த மஞ்சளை விரல் நுனியால் தடவி, உப்புத் தண்ணீரில் விட்டாள். தீனியே கிடையாது. எட்டாம் நாள் பஞ்சு உதிர்ந்தது. பத்தாம் நாள் என் விரலைக் கண்டு மேலே வந்தார். அப்படி ஒரு கைப்பக்குவத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

தவக்காலம் முடியப்போகிற குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாமியார் வந்தார். எனக்கு அன்றைக்குத்தான் முதல் பாவசங்கீர்த்தனம். முழந்தாளில் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். பணியாரம் ஆறு, சோறு இரண்டு கை, செத்தது இரண்டு. தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் கேட்டார்.

“இதை உன் அத்தையிடம் சொன்னாயா?”

“இல்ல சாமி.”

“போய்ச் சொல். அதுவே உனக்கு அபராதம்.”

சொல்ல ஓடினேன். அத்தை கொல்லையில் கல்லுக்கு முன்னால் குந்தியிருந்தாள். கையில் சாம்பல். கல்லில் ராயப்பர். தலை ஏற்கெனவே தனியாக இருந்தது.

நான் கத்தின கத்தலில் கோழிகள் சிதறின. “நீதான அத்த அவர மஞ்சத் தேச்சுப் பொழைக்க வச்ச!”

“ஆமா. சாமியாருக்குன்னு வந்தாரு. வந்த வேல முடிஞ்சுது” என்று செதிளைச் சுரண்டினாள்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஆனாலும் அபராதம் அபராதந்தான். அழுதுகொண்டே, “நாந்தான் அன்னைக்குப் பணியாரத்தப் போட்டேன்” என்றேன்.

அத்தை தலை நிமிரவில்லை. “பிச்சாவது போட்டிருக்கலாம்ல? முழுசு முழுசாப் போட்டிருக்க. சரி, மூக்கத் தொடச்சுக்கிட்டுப் போயி புளியக் கரைச்சுக் கொண்டா.”

சாமியார் அன்றைக்கு ரசம் கேட்கவில்லை. ராயப்பரையும் சேர்த்துச் சமைத்த மூன்று மீனையும் முள்ளை மட்டும் மிச்சம் வைத்துச் சாப்பிட்டார். பிறகு, அத்தை பிள்ளை கேட்டதையும் உபதேசியார் போட்ட நிபந்தனையையும் அய்யா சொல்ல, தொட்டியைப் பார்க்க வேண்டும் என்றார். பஞ்சாரத்துக்குள் இரண்டு விரால் தெளிந்த தண்ணீரில் நின்றன.

“ரெண்டு செத்துப்போச்சு சாமி. அதையும் சொல்லணும்” என்றார் உபதேசியார்.

நான் அய்யாவின் பின்னால் ஒதுங்கினேன். சாமியார் என் பக்கம் திரும்பவே இல்லை. அய்யாவைத்தான் கேட்டார். “சென்ற வருடம் எத்தனை உயிரோடிருந்தன?”

“ஒண்ணு சாமி” என்றார் அய்யா. “அதுக்கு முந்துன வருசம் அதுவும் இல்ல.”

சாமியார் பஞ்சாரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு உபதேசியாரிடம், “அந்தக் குழந்தையைக் கொண்டுவரச் சொல்லும்” என்றார்.

அன்று பொழுது சாய அத்தை பிள்ளையைக் குளிப்பாட்டினாள். முழங்கையைப் பானைக்குள் விட்டுப் பார்த்தாள். நான் ராயப்பருக்காகக் கோபித்துக்கொண்டு, எனக்கு எடுத்து வைத்த மீன்குழம்புச் சோற்றைத் தொடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஆத்தாளிடம் அடி விழாமல் தப்பித்தோம் என்கிற ஒரு நிம்மதி மட்டும் இருந்தது.

அவ்வளவுதான் எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. நானும் இரண்டைக் கொண்டுபோய்க் குழியில் வைத்துவிட்டு வந்த பிறகு, அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எனக்குத் திரும்ப வந்தது. “இந்தா இவதான் போட்டா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பணியாரம் தொட்டியின் அடியில் சாட்சியாகக் கிடந்தது. மூன்றைப் புதைத்த ஒரு பெண், நாலாவது தன் கண் முன்னால் இரண்டடி தள்ளிப் போவதைப் பார்த்துக்கொண்டு, அந்தச் சாட்சியை மணல் போட்டுத் தேய்த்துவிட்டு நின்றிருக்கிறாள். நான் அடுத்தவள் பெற்ற பிள்ளை. அதுவும் கோழி அடை வைக்கையில் அவளை வெளியே அனுப்பினவள் பெற்ற பிள்ளை.

எழுதி முடித்துவிட்டேன். ஏத்தா பேத்தி, இங்கன வந்து உக்காந்து இத ஒருக்கா வாசிச்சுக் காட்டு. எழுத்துப் பெசகிருந்தாத் திருத்திக்க. பணியாரம் வாற எடத்த மட்டும் மெள்ள வாசி.