பலகைக்குக் கீழே ஓரடி

பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஆடும் கூடைப்பந்தில் வளையம் தரையிலிருந்து எட்டரை அடி உயரத்தில் இருக்க வேண்டும். பெரியவர்களுக்குத்தான் பத்தடி. விதி இது. கேரளத்தின் தெற்கு எல்லையில் இருக்கும் எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் நாலாம் வகுப்புக்கு மேல் கிடையாது. வளையமோ பத்தடியில் இருந்தது. பெரிய பள்ளிக்கூடத்து வரைபடத்தைப் பார்த்து நட்டிருக்கிறார்கள். டேப் வைத்து அளந்து பார்த்தேன், ஓர் அங்குலம் பிசகவில்லை. தவறுகளை நாங்கள் எப்போதும் துல்லியமாகவே செய்துவந்திருக்கிறோம்.

நாங்கள் என்று சொல்லக் காரணம், நான் அரசு அலுவலகமொன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கல்லூரியில் மூன்று வருடம் கூடைப்பந்து ஆடியிருக்கிறேன் என்பது தலைமையாசிரியைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"சாயங்காலம் வீட்டுல சும்மாதானே இருக்கிய சாரே. பிள்ளையளுக்கு கொஞ்சம் சொல்லிக் குடுத்தா என்ன?"

சும்மா இருப்பதும் ஒரு வேலைதான் என்று அவருக்கு விளக்கும் தெம்பு எனக்கில்லை. போனேன்.

செம்மண்ணும் சரளையும் கலந்த மைதானம். பந்தைத் தட்டினால் அது கைக்குத் திரும்பாமல் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் போகும். ஒருவர் எடுத்துவர, மற்ற பதினோரு பேரும் கூடவே ஓடுவார்கள். "உள்ளங்கையால அறையாதே, விரல்நுனியால தள்ளு" என்பதை மாலைக்கு நாற்பது தடவையாவது சொல்லியிருப்பேன். தட்டிவந்த பந்தை இரண்டு கையாலும் பிடித்துவிட்டால் மறுபடி தட்டக் கூடாது என்று ஒருநாள் சொன்னேன்.

"அது ஏன் சாரே?"

"விதி."

"விதி யாரு போட்டது?"

முப்பது வருட அலுவலகத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. மூட்டு வலிக்கிறது என்று உட்கார்ந்துகொண்டேன்.

கேட்டவள் நாலாம் வகுப்பிலேயே குட்டையான பெண். அப்பா பாறசாலை ஜங்ஷனில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. "வலைக்குள்ள கூடி பந்து விழும்போ என்ன சத்தம் கேக்கும் சாரே?" என்று முதல் வாரத்திலேயே கேட்டாள். அந்தப் பள்ளியை விட்டுப் போகும் முன் ஒரு தடவையாவது அதைக் கேட்டுவிட வேண்டும். அவள் முழு பலத்தோடு எறிந்த பந்து வளையத்தைத் தொடவே இல்லை.

அடுத்த நாள் அவளுடைய அப்பா வந்து தூணை அண்ணாந்து பார்த்தார்.

"ஒரு மணிக்கூறு மதி சாரே, கூட வேண்டாம். நான் அறுத்து தாழ்த்தி வச்சுத் தாறேன்."

"செய்யாண்டாம்" என்றேன். தூண் ஓர் அலுவலகத்தின் சொத்துப் பதிவேட்டில் இருக்கிறது, நிலம் இன்னோர் அலுவலகத்தின் கீழ் வருகிறது. அனுமதியில்லாமல் கைவைத்தால் தணிக்கையில் தலைமையாசிரியையின் ஓய்வூதியத்தில் வந்து நிற்கும். இதையெல்லாம் பொறுமையாக விளக்கினேன். தலைமையாசிரியை பதறி, "எனக்கு இனி ரெண்டு வருஷம்தான் உண்டு, விட்டிருங்க" என்றார்.

"முறைப்படி நான் வாங்கித் தாறேன்" என்றேன்.

"உங்களுக்க பைல் வரும்போ எனக்க மவ பத்தாங் கிளாஸ் முடிச்சிருப்பா" என்றார் அவளுடைய அப்பா.

ஜூலையில் விண்ணப்பித்தேன். அளவு, வரைபடம், விதியின் நகல் எல்லாம் இணைத்தேன். ஓணம் கழிந்து ஒரு நினைவூட்டல், கிறிஸ்துமஸுக்கு முன் இன்னொன்று. பதில் வராததில் எனக்கு வியப்பில்லை. அந்த மௌனத்தை நானே பலருக்கு அனுப்பியிருக்கிறேன்.

அதுவரை என்ன செய்வது? வளையம் பொருத்திய பலகைக்குக் கீழே ஓரடி தள்ளி, எட்டரை அடியில், தூணில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். அதில் பட்டால் கூடை விழுந்ததாகக் கணக்கு. இரும்புத் தூணில் பந்து பட்டால் 'டங்' என்று கேட்கும். பிள்ளைகள் அதற்குப் பழகிவிட்டார்கள். மழையில் கோடு அழியும், மறுநாள் போடுவேன். தை மாதம் வாக்கில் அந்தப் பெண் பத்துக்கு ஏழு தடவை கோட்டில் அடித்தாள். "கொள்ளாம், நல்லா வருது" என்றேன். எனக்குக்கூட கொஞ்சம் பெருமை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, செங்கல் என்ற ஊருக்குப் பக்கத்துப் பள்ளியொன்றில் சிறு பிள்ளைகளுக்குப் போட்டி வைத்தார்கள். அங்கே வளையம் எட்டரை அடியில் இருந்தது. புதிய வெள்ளை வலையும் இருந்தது. ஆட்டோவில் போகும்போதே சொன்னேன்: "இண்ணு தூணைப் பாக்காதே. வளையத்துக்குள்ள போடணும்."

"தெரியும் சாரே, நான் என்ன பொட்டியா?"

ஆட்டம் முடியப்போகும் நேரம். எதிரணி செய்த தவறுக்காக, யாரும் மறிக்காமல் வளையத்துக்கு எறிய அவளுக்கு ஒரு தனி எறிதல் கிடைத்தது. தரையில் போட்ட எறிகோட்டில் நின்றாள், முழங்காலை மடக்கினாள், விரல்நுனியால் தள்ளினாள். நான் சொல்லிக்கொடுத்ததில் ஒரு பிழையும் இல்லை. டங். பலகைக்குக் கீழே, சரியாக ஓரடியில். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"எலே, பாருலே, தூணுக்கு போட்டுட்டு ஆடுதா!" என்று எதிரணிப் பையன் ஒருவன் கத்தினான். மைதானமே சிரித்தது. அதன் பிறகுதான் அவள் கை மெதுவாகக் கீழே இறங்கியது.

திரும்பும்போது ஆட்டோவில், "கை தானா போச்சு சாரே" என்றாள்.

"அது உனக்க தப்பில்ல மக்கா."

திங்கட்கிழமை அவளுடைய அப்பா வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருக்கலாம். "நல்லா படிச்சிருக்கா சாரே. நீங்க சொன்ன எடத்துலதானே பந்து பட்டிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மார்ச்சில் தேர்வு வந்துவிட்டது, பயிற்சி நின்றது.

பள்ளி ஆண்டின் கடைசி நாளில்தான் என் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது; மலையாளத்தில் ஒன்றரைப் பக்கம். வளையத்தை எட்டரை அடிக்குத் தாழ்த்த ஆட்சேபணை இல்லை. பள்ளியே தன் பொறுப்பில், அருகிலுள்ள ஏதாவது வெல்டரைக் கொண்டு செய்துகொள்ளலாம். அதை நான் தலைமையாசிரியை அறையில் படித்துக்கொண்டிருந்தபோது, அந்த அருகிலுள்ள வெல்டர் மகளின் மாற்றுச் சான்றிதழுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு அவசரப்படுத்தினாள். அவள் போகும் பெரிய பள்ளியில் வளையம் பத்தடி. அங்கே அதுதான் விதி.

பழக்கதோஷம், கடிதம் கைக்குக் கிடைத்த தேதியை அதன் மூலையில் குறித்தேன்: மார்ச் முப்பத்தொன்று.