வெள்ளைத்தாய் புஞ்சையில் கிடந்த திமிங்கிலம்

ஊரே வேண்டாம் என்றது. அதனால்தான் வெள்ளைத்தாய் சரி என்றாள். இதற்கு மேல் காரணம் தேடுகிறவர்களுக்கு அவளைத் தெரியாது என்றுதான் அர்த்தம்.

எழுபத்து நாலாம் வருஷம், மாசி மாதம். தார்ப்பாய் போட்டு மூடிய லாரி ஒன்று உடைமரத்துப்பட்டி மந்தைத் திடலில் வந்து நின்றது. நாற்றம் என்றால் உங்கள் வீட்டு நாற்றம் எங்கள் வீட்டு நாற்றம் இல்லை. கருவாட்டுக் கடையில் பிறந்து வளர்ந்தவனே குடலைக் கக்கிவிடுவான். லாரியிலிருந்து இறங்கியவள் இருபத்தைந்து வயதுப் பெண். பேர் சௌந்தரம். அருப்புக்கோட்டையில் எண்ணெய்க் கடை வைத்திருக்கும் தனுஷ்கோடியின் மகள். மதுரையில் படித்துவிட்டுத் திமிங்கிலம், டால்பின் என்று கடல் பிராணிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். குடிதண்ணீருக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடக்கிற சீமையில் பிறந்தவளுக்குக் கடல் மேல் என்ன ஆசையோ, அது அவளைப் பெற்றவருக்கே விளங்கவில்லை.

விஷயம் இதுதான். மூக்கையூர்க் கரையில் ஒரு பெண் திமிங்கிலம் ஒதுங்கிச் செத்துப்போனது. வயிற்றில் குட்டி. சௌந்தரம் ஆள் வைத்துச் சதையை அறுத்துத் தள்ளிவிட்டு எலும்புகளை லாரியில் ஏற்றினாள். ஒட்டியிருக்கிற மிச்சச் சதையும் போக வேண்டுமென்றால் அவை ஒரு வருஷம் மண்ணுக்குள் கிடக்க வேண்டும். கடற்கரையில் புதைத்தால் நாய் தோண்டும், அலை அரிக்கும். படித்த இடத்தில் கையை விரித்துவிட்டார்கள். தனுஷ்கோடியோ சரக்குக் கிட்டங்கி வாசலிலேயே மறித்து, "இதக் கிட்டங்கிக்குள்ள கொண்டுவந்த, கால ஒடிச்சிருவேன்" என்றார். அருப்புக்கோட்டைத் தெருக்காரர்கள் லாரி மேல் கல்லெறிந்தே விரட்டினார்கள்.

அப்படித்தான் லாரி இங்கே வந்தது. இங்கேயும் அதே கதைதான் நடந்தது.

"ஏம்மா, நாங்க என்ன ஒனக்குச் சுடுகாடா நடத்துறோம்?" என்றார் பஞ்சாயத்துத் தலைவர் பூமிநாதன்.

"வண்டியத் திருப்பச் சொல்லுங்கண்ணே. பொம்பளப் பிள்ள செய்யிற வேலையா இது?" என்றான் இருளாண்டி.

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற வெள்ளைத்தாய்க்கு அந்தக் குரல் காதில் விழுந்ததுதான் தாமதம். "யாருலே அது திருப்பச் சொல்றவன்? ஏ தாயி, என் புஞ்சை இருக்கு. அங்க வந்து பொதைச்சுக்க. எவன் வந்து தடுக்குறான்னு நானும் பாக்குறேன்."

இருளாண்டி அவளுடைய கொழுந்தன். செத்துப்போன புருஷன் வீரணனுக்கு உடன்பிறந்த தம்பி. அவனோடு அவளுக்குப் பேச்சு அறுந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. வைவது பேச்சில் சேராது.

வீரணன் உடம்பில் திட்டுத் திட்டாக வெண்படை இருந்தது. அப்படிப்பட்டவனைப் புதைத்தால் மழை பெய்யாது, எரித்துவிட வேண்டும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அவர்கள் வம்சத்தில் புதைப்பதுதான் வழக்கம் என்று வெள்ளைத்தாய் புதைத்தாள். அந்த வருஷம் வானம் பொய்த்தது. ஊர் கூடி வீரணனைத் தோண்டி எடுத்து எரித்தது. முதல் மண்வெட்டியைப் போட்டவன் இருளாண்டி. "ஊருக்காகச் செஞ்சேன் மதினி" என்று வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு அவள் வீட்டுக்குள் அழுதுகொண்டு கிடந்தாள். நாலு பேர் கையையாவது ஒடிக்காமல் இப்படி அழுதுகொண்டு கிடந்தோமே என்கிற வயிற்றெரிச்சல் அவளுக்கு ஆறவே இல்லை.

புஞ்சையில் குழி வெட்டி எலும்புகளை இறக்கும்போது, ஒரு சாக்கில் சின்னச் சின்ன எலும்புகள் தனியாக இருப்பதை வெள்ளைத்தாய் பார்த்தாள்.

"இது என்னத்தோடது தாயி?"

"குட்டியோடதுக்கா. ஈனுறதுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்திருக்கும். எனக்கு இதுதான் முக்கியம்."

சௌந்தரம் மண்ணில் உட்கார்ந்து விளக்கினாள். திமிங்கிலத்தின் பல்லை அறுத்துப் பார்த்தால் மரத்தில் தெரிகிற மாதிரி வளையம் தெரியும். அதை எண்ணி வயதைச் சொல்லலாம். எந்த வயதில் சினை பிடிக்கிறது, எத்தனை வருஷத்துக்கு ஒரு குட்டி போடுகிறது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால்தான், எத்தனை செத்தால் அந்த இனம் தாங்கும் என்று தெரியும். தாயும் குட்டியுமாக அவள் கைக்குக் கிடைத்தது இதுதான் முதல் தடவை. "வெளிநாட்டுக்காரன் கப்பல்ல பீரங்கி வச்சுச் சுட்டுத் தள்ளுறான். நம்ம கடல்ல எத்தனை இருக்குன்னே ஒருத்தருக்கும் தெரியாது. அழிஞ்சாக்கூடத் தெரியாதுக்கா" என்றாள்.

வெள்ளைத்தாய்க்கு அதில் பாதி காதில் ஏறவில்லை. "பிள்ளைய வயித்துல வச்சுக்கிட்டே செத்தாளா, பாவி மக? அப்ப ரெண்டையும் ஒரே குழியில போடக் கூடாது. தனியா வெட்டு" என்றாள். எலும்பு கலக்காமல் இருந்தால் சௌந்தரத்துக்கும் நல்லதுதான். பெரிய குழிக்குப் பக்கத்தில் சின்னக் குழி ஒன்றும் வெட்டினார்கள்.

"அடுத்த மாசி வரைக்கும் யாரையும் தொட விடாதீங்கக்கா."

"தொட்டவன் கை அவன்கிட்ட இருக்காது. நீ போயிட்டு வா."

குழிகளின் மேல் உடைமுள் வெட்டிப் போட்டாள். நாய் வந்தால் கல்லெறி. ஆடு வந்தால் ஆட்டுக்காரனின் ஏழு தலைமுறைக்கும் வசவு. கிணற்றடியில் அவளைக் கண்டதும் பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள். "வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டாளே" என்றாள் இருளாண்டியின் பெண்டாட்டி கருத்தம்மாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"நானாவது மடியில விட்டேன். நீ அதுக்கு வாக்கப்பட்டே வந்துட்டியேடி" என்றாள் வெள்ளைத்தாய். கிணற்றடி சிரித்தது. கருத்தம்மாள் குடத்தை நிறைக்காமலேயே போய்விட்டாள்.

ஆவணி போனது, புரட்டாசி போனது, ஐப்பசியும் பாதி போனது. ஒரு சொட்டு இல்லை. கண்மாய் வெடித்துக் கிடந்தது. மாட்டைப் பாதி விலைக்கு ஓட்டிப் போய் விற்றார்கள். அப்புறம் என்ன, ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மந்தையில் கூடினார்கள். வெள்ளைத்தாயையும் கூப்பிட்டார்கள்.

"கடல்ல கெடக்க வேண்டியது காட்டுல கெடந்தா மழைக்கு எப்படித் தாயி மனசு வரும்? எடுத்து எரிச்சிருவோம். நீயே சம்மதம் சொல்லிரு" என்றார் பூமிநாதன், பதமாகத்தான்.

"அறுபத்தெட்டுல எம் புருசன எரிச்சீக. அதுக்கப்புறம் வருசம் தவறாம மழை கொட்டுச்சோ? மூணு வருசம் முன்னாடி கம்பு கருகுச்சே, அப்ப எவனத் தோண்டுனீக? ஒங்க அப்பனத் தோண்டிப் பாத்தீகளா?"

"மரியாதையாப் பேசு!"

"மரியாதைய மனுசங்ககிட்டப் பேசிக்கிறேன்" என்று எழுந்து வந்துவிட்டாள். அன்றையிலிருந்து கஞ்சிக் கலயத்தையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு போய்ப் புஞ்சையிலேயே இருந்தாள். பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சுமா?

பட்டப்பகலில் வந்தார்கள். கேவலமாக இருந்ததோ என்னவோ, பெண்களை முன்னால் விட்டு ஆண்கள் பின்னால் வந்தார்கள். இருளாண்டி கையில் மண்வெட்டி இருந்தது.

"மதினி, எந்திரிங்க. அசிங்கப்படுத்தாதீக."

"அண்ணன் பொணத்தத் தோண்டுன கைலே அது. இன்னம் தினவு அடங்கலையா அதுக்கு? வாலே, கிட்ட வா."

வந்தான். அரிவாளை வீசினாள். அவன் முன்கை கீறி ரத்தம் வந்தது. அதற்குள் கருத்தம்மாளும் இன்னும் நாலு பெண்களும் பின்னால் வந்து அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து, வரப்பில் சாய்த்து, மேலே உட்கார்ந்துகொண்டார்கள். அவள் கத்தாத வசவு இல்லை. இந்தத் தடவை கையைக் காலை ஆட்டியும் ஒன்றும் நடக்கவில்லை. சண்டை போட்டாலும் அதேதான், அழுதாலும் அதேதான் என்றால் மனுஷி என்னதான் செய்வாள்? முகத்தில் மண் அப்பிக் கிடந்தபடி, பெரிய குழியை முடித்துவிட்டு அவர்கள் சின்னக் குழிக்குப் போவதைப் பார்த்தாள்.

"அது பச்சைப் பிள்ளைடா! அத விட்டுருங்கடா!" என்றாள். அன்றைக்கு அவள் வாயில் கெட்ட வார்த்தை இல்லாமல் வந்தது அது ஒன்றுதான்.

விடவில்லை. எலும்புக்குள் அவ்வளவு எண்ணெய் இருந்திருக்கிறது. விறகுகூட அதிகம் தேவைப்படவில்லை, மறுநாள் மத்தியானம் வரைக்கும் நின்று எரிந்தது.

நாலாம் நாள் மழை பெய்தது.

காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? ஊரே தெருவில் இறங்கி நனைந்தது. இருளாண்டி கையில் கட்டோடு அவள் வாசலில் வந்து நின்று, "பாத்தீகளா மதினி?" என்றான். அவள் சாணிச் சட்டியை எடுத்து அவன் மேல் வீசினாள். அந்த மழைக்கு எல்லோரும் கொத்தமல்லி விதைத்தார்கள். அவள் விதைக்கவில்லை.

கார்த்திகையில் சேதி கேட்டுச் சௌந்தரம் பஸ்ஸைப் பிடித்து வந்தாள். கரி பிடித்த துண்டுகளைக் கையால் அள்ளிப் பார்த்தாள். அழுகையை விடக் கோபம்தான் முதலில் வந்தது.

"ஒங்கள நம்பித்தானக்கா விட்டுட்டுப் போனேன்! பார்த்துக்கிறேன்னு சொன்னீங்களே!"

"என் மேல அஞ்சு பேரு ஏறி உக்காந்தாளுக. நீ எங்க போயிருந்த? ஒன் படிப்பு எங்க போயிருந்துச்சு? எலும்பக் கொண்டாந்து கொட்டிட்டு, மழை பேயாதப்ப இந்தப் பக்கம் எட்டிப் பாத்தியா நீயி?"

"காட்டுமிராண்டிக! காட்டுமிராண்டி ஊரு இது!"

"ஆமா. ஒங்க டவுனுல கல்லெறிஞ்சானே, அவன் என்ன பன்னீரா தெளிச்சான்?"

இரண்டு பேரும் தொண்டை கட்டுகிற வரை கத்தினார்கள். பிறகு சௌந்தரம் வரப்பில் உட்கார்ந்து தேம்பினாள். வெள்ளைத்தாய் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"வயித்துப் பிள்ளையோட ஒருத்தி செத்தா எங்க பக்கம் ரோட்டோரத்துல சுமைதாங்கிக் கல்லு நடுவோம் தாயி. அவ எறக்க முடியாமப் போன சுமைய வழிப்போக்கன் எறக்கி வச்சாத்தான் அவளுக்கு ஆறும். நான் நடுறேன்."

"கல்லை வச்சுக்கிட்டு நான் என்னக்கா பண்ண? என் ஆராய்ச்சி போச்சு" என்று சொல்லிவிட்டு, கரிந்த பற்கள் சிலதை மட்டும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு சௌந்தரம் போனாள். அப்புறம் அந்தப் பக்கம் அவள் வரவே இல்லை.

வெள்ளைத்தாய் காதில் கிடந்த தண்டட்டியை விற்றாள். ஊரிலிருந்து திருச்சுழி ரோட்டுக்குப் போகிற பாதையில், நிழல் ஒன்றும் இல்லாத பொட்டலில், இரண்டு கல் நட்டு மேலே ஒரு பலகைக் கல் போட்டாள். "என்ன பேரு வெட்ட?" என்று கேட்டார் கல்தச்சர் பொன்ராஜ். யாருக்காக நடுகிற கல் என்று அவரிடம் மட்டும் சொல்லிவிட்டு, பேர் வேண்டாம் என்றாள். பேர் வெட்டினால் ஒரு பயல் சுமை இறக்க மாட்டான். எல்லோரும் நன்றாக இறக்கிப் பழகட்டும், அப்புறம் ஒருநாள் முகத்துக்கு நேராகச் சொல்லி, வைத்த கை கூசும்படி செய்ய வேண்டும். இதுதான் அவள் கணக்கு. தண்டட்டி போய் வெறுமனே ஆடின காதைப் பார்த்து ஊர் சிரித்தபோதும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது எவ்வளவு சிரமம் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாசியில் மல்லி அறுப்பு முடிந்தது. தலையில் மூட்டையோடு ஊரே அந்தப் பாதையில் பஸ்ஸுக்குப் போனது. ஒருநாள் உச்சி வெயிலில் இருளாண்டி வந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கல்லுக்கு முன்னால் வந்து நின்றான். முள்செடி ஓரமாக உட்கார்ந்திருந்த வெள்ளைத்தாய் எழுந்து வந்தாள். இந்த ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்தாள்.

"வைலே, வை. யாரு பேருல நட்ட கல்லுன்னு தெரியுமா? வயித்துப் பிள்ளையோட செத்தவ பேருல. நீ தோண்டி எரிச்சியே, அவ பேருல."

இருளாண்டி மூட்டைக்கு அடியிலிருந்து அவளைப் பார்த்தான். வேர்வை கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது.

"தெரியும் மதினி. பொன்ராசு அன்னைக்கே சொல்லிட்டான். ஊருக்கே தெரியும்" என்றான். "கழுத்து போகுதுல்ல. வேற எங்க எறக்கச் சொல்றீக?"

மூட்டையைச் சரித்துக் கல்லின் ஓரத்தில் வைத்தான்.

"நடுவுல வையிலே, சவமே. ஓரத்துல வச்சா கல்லு சாஞ்சிரும்" என்றாள் வெள்ளைத்தாய்.