ஒரே நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு சொந்தக் காரணங்கள்

பாண்டிமீனா பதினாறு ஆண்டுகள் கட்டைவிரல் மட்டுமே தைத்தவர். திருமங்கலத்துக்கு வெளியே, நாலுவழிச் சாலையை ஒட்டியிருந்த கையுறை ஆலையில் ஒருவரே ஒரு கையுறையை முழுதாகத் தைப்பதில்லை. உள்ளங்கைக்கு ஒருத்தி, விரல்களுக்கு ஒருத்தி. கட்டைவிரல் வளைவுதான் சிரமம். ஒரு தையல் தப்பினால் கை உள்ளே நுழையாது. அந்த வளைவில் தப்பாதவர் பாண்டிமீனா.

போன ஆண்டு ஆலை வியட்நாமுக்குப் போனது. போகும் முன் அங்கிருந்து வந்த இரண்டு பேருக்கு அந்த வளைவைச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். நிர்வாகம் கைதட்டியது. கைதட்டக் காசு வேண்டாமே.

இப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. சுற்றுவட்டாரத்தில் எந்தத் தையல் ஆலையும் முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆள் எடுப்பதில்லை. ஒரே ஒரு வழி இருந்தது. ஆலை இடம்பெயர்ந்ததால் வேலை இழந்தவர்கள் என்று அரசு ஒரு பட்டியல் எடுத்தது; அதில் பெயர் ஏறினால் புதிய ஆலைகளில் வயது வரம்பு கிடையாது. பெயர் ஏறாவிட்டால் இனி மெஷின் முன் உட்கார முடியாது.

பட்டியலுக்கான முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் பெரிய பிளக்ஸ். அதில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு பெண் சிரித்தாள். கையுறை தைக்க எவளும் ஹெல்மெட் போட்டதில்லை. அதை யாரிடம் சொல்வது? உள்ளே ஒரு மேசை, ஒரு லேப்டாப், இன்பசேகரன் என்ற அலுவலர்.

"இந்தத் திட்டம் உங்களுக்குப் பொருந்தாதும்மா" என்றார் அவர். "நீங்க வேலையை இழக்கலையே."

"பெறகு? ஆலைய மடியில கட்டியா வச்சிருக்கேன்?"

இன்பசேகரன் திரையைத் திருப்பிக் காட்டினார். ஆங்கிலத்தில் ஒரு கடிதம். அவரே தமிழில் வாசித்தார்: "என் சொந்தக் காரணத்துக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்." அடியில் பாண்டிமீனாவின் கையெழுத்து. பக்கத்தில் குங்குமக் கறை. தேதி, ஆயுத பூஜை.

பாண்டிமீனாவுக்குப் புரிந்துவிட்டது. அந்த ஆலையில் ஒரு வழக்கம். மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி முடித்ததும், சாமி படத்தின் முன் வைத்த பேனாவால் எல்லோரும் ஒரு நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள். அடுத்த பூஜை வரை வேலை நிலைக்கும் என்று நம்பிக்கை. யாரும் வாசிப்பதில்லை, சாமி முன்னால் தாளைப் புரட்டிப் பார்ப்பது அபசகுனம். போன ஆண்டு நோட்டுக்குப் பதிலாக ஆளுக்கொரு தாளை வைத்து, "இந்த வருசம் இதுல போடுங்கம்மா" என்றார் மேனேஜர். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் போட்டுவிட்டு, பொரியும் லட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். வேலை நிலைக்க வேண்டிப் போட்ட கையெழுத்திலேயே வேலை போனது. சாமியைச் சாட்சிக்கு வைத்துத் திருடியவன் இன்று எங்கோ குளிர்சாதன அறையில் இருப்பான்.

"ஏன் சார், இருநூத்திப் பன்னெண்டு பேருக்கும் ஒரே நாள்லயா சொந்தக் காரணம் வந்துச்சு?"

"ஆமாக்கா, எல்லாத்துக்கும் ஒரே முகூர்த்தத்துல கல்யாணம்!" என்றார் வரிசையில் பின்னால் நின்ற கனகலட்சுமி. மண்டபமே சிரித்தது.

இன்பசேகரன் சிரிக்கவில்லை. "ஆலை இடம் மாறுனதாலதான் வேலை போச்சுன்னு கம்பெனியில இருந்து லெட்டர் கொண்டாங்க. ரவுண்டு சீல் இருக்கணும். முகாம் நாளை சாயந்திரம் வரைக்கும்தான்."

"கம்பெனி வியட்நாம்ல இருக்கு சார்."

"அதுக்கு நான் என்னம்மா பண்ண? அடுத்த ஆளு வாங்க."

பாண்டிமீனா ஷேர் ஆட்டோ பிடித்து ஆலைக்குப் போனார். காலிக் கட்டடத்துக்குக் காவலாக வாட்ச்மேன் காசிமாயன் மட்டும் இருந்தார்.

"அண்ணே, மெஷின் ஏத்திப் போன தேதி ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் எதுக்குத்தா? கேட் நோட்டு இருக்குல்ல. பூசைக்கு மூணாம் நாளு. அஞ்சு கண்டெய்னர். அம்புட்டு மெஷினும் போச்சு. பொம்பளையாளுக யாரையும் உள்ள விடாதன்னு சொல்லிட்டுத்தான் மேனேஜர் கார்ல ஏறுனாரு."

"இதை அப்படியே எழுதிக் குடுங்கண்ணே."

"நான் எழுதுனா எவன் மதிப்பான்?"

"எழுதுங்க. சீல் எதுவும் வச்சிருக்கீங்களா?"

இருந்தது. தண்ணீர் லாரி ரசீதில் குத்துகிற சீல், வட்டமானது, நடுவில் 'மெயின் கேட்' என்றிருக்கும். காசிமாயன் ஊதா மையில் அழுத்திக் குத்திக் கொடுத்தார்.

மறுநாள் காலை இன்பசேகரன் அந்தத் தாளை வாங்கினார். மேனேஜர் சொன்னது, கண்டெய்னர் போன நாள் என எதையும் அவர் வாசிக்கவில்லை. சீலைப் பார்த்தார். விரலால் தடவியும் பார்த்தார். "இதைத்தானேம்மா முதல்லயே கொண்டு வந்திருக்கணும்?" என்று பெயரை ஏற்றினார். இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களின் வாய்ச்சொல்லுக்கு இல்லாத மரியாதை தண்ணீர் லாரி சீலுக்குக் கிடைத்தது.

பாண்டிமீனா ஒப்புகைச் சீட்டைத் தலைகீழாகவும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். இனி வாசிக்காமல் எதையும் வாங்குவதாக இல்லை. பெயர், வயது, பட்டியல் எண் எல்லாம் சரி.

"எங்கக்கா வாங்குன சீலு?" கனகலட்சுமி காதருகே கேட்டார்.

"வாட்ச்மேன் அண்ணன்கிட்ட. வெரசாப் போங்கடி, மை காயப்போகுது."

இரண்டே நிமிடத்தில் மண்டபம் காலி. இன்பசேகரன் நிமிர்ந்து பார்த்தார். ஒரு ஆள் இல்லை. நிம்மதியாக முகாம் அறிக்கையைத் திறந்து, 'பயனாளிகள் அனைவரும் மனநிறைவுடன் திரும்பினர்' என்று தட்டத் தொடங்கினார். அந்த வரிக்கு அவர் முற்றுப்புள்ளி வைப்பதற்குள், ஏழு ஷேர் ஆட்டோக்கள் ஆலை வாசலை நோக்கிக் கிளம்பியிருந்தன.