ஒன்மோர் அக்கா

"வாட்ச்சக் கழட்டிடுங்க. சாவி? சில்லறை?" பாட்டுப் பதிவுக்கு வந்த பாடகர் பையைத் துழாவித் துழாவிக் கொடுப்பதையெல்லாம், மைக்கில் சத்தம் விழாமலிருக்க, அக்கா ஒரு கிண்ணத்தில் வாங்கி அறைக்கு வெளியே வைத்துவிட்டு வருவார். பிறகு துணி அலமாரியின் இரண்டு கதவுகளையும் திறந்து, பாடகரை அதன் முன்னால் நிறுத்துவார். "தனி ரூம் கட்ட வசதியில்லங்க. எங்க வீட்டுக்காரர் சட்டைங்க எதிரொலிய நல்லாக் குடிக்கும்." எத்தனையோ காதல் பாட்டுகள் அந்தச் சட்டைகளைப் பார்த்துத்தான் பாடப்பட்டன.

இதற்குமேல் பாட முடியாது என்று பாடகர் மூச்சு விடும்போது, "சூப்பர். ஒன் மோர்" என்பார். அதனால் பாடகர்கள் மத்தியில் அவர் ஒன்மோர் அக்கா. வயது நாற்பத்தாறு. பதினெட்டு வருடங்களாக யாரிடமும் சம்பளத்துக்கு இல்லாமல், மூன்றாம் மாடியில், ஜன்னலை மெத்தையால் அடைத்த அறையில் உட்கார்ந்து இசையமைத்துக் கொடுக்கிறார். கூப்பிட்ட இடத்துக்குக் கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் வாசிக்கவும் செய்கிறார். விளம்பரங்களுக்கு வரி எழுதிப் பிழைக்கும் நான் ஆறு வருடங்களாக அந்த அறைக்குப் போய் வருகிறேன்.

காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்குப் போன் செய்தால், காத்திருக்கும் நேரத்தில் ஒரு இசை ஒலிக்கும். அது அக்கா போட்டது. "லட்சம் பேரு கேட்டிருப்பாங்க. ஒருத்தர்கூட சந்தோஷமா கேட்டிருக்க மாட்டாங்க."

அக்காவுக்கு அவ்வளவு கூர்மையான காது. குழாய் எந்தச் சுருதியில் சொட்டுகிறது என்று சொல்வார். ஒருமுறை நடுவில் பாட்டை நிறுத்தி என்னைப் பார்த்தார். "கவிஞரே, உங்க வயிறு சுருதி சேரல. போய் ரெண்டு பிரட் சாப்பிட்டு வாங்க."

போன வருடம் ஒரு பற்பசை விளம்பரம். கம்பெனிக் கூட்டத்தில் பாட்டைப் போட்டபோது நானும் இருந்தேன். இரண்டாவது வரியிலேயே கம்பெனிக்காரர்கள் ஐந்து பேரும் முகம் சுளித்தார்கள். பாட்டு முழுக்க ஒரு மெல்லிய சீழ்க்கை, காதோரம் கொசு நிற்பதுபோல. மேலாளர் கேட்டார்: "உங்களுக்குக் கேக்கலியாம்மா?" அக்கா சட்டென்று என்னைப் பார்த்தார். நான் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தப்பான பதிவை அனுப்பிவிட்டதாகச் சொல்லி எழுந்தார்.

வீட்டுக்கு வந்து கணினித் திரையில் அந்த ஒலியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாராம். மேல் விளிம்பில் நூல்போல ஒரு கோடு ஓடியது. அதைத் தேடிப் பிடித்து அழித்தார். அப்போதும் அவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு எட்டு மாதம் கண்ணை வைத்துத்தான் இசையமைத்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஒருநாள் மதியம் படியேறி வரும்போதே அவருக்கு அந்தச் சத்தம் கேட்டது. கதவு சரியாக மூடாத ஃபிரிட்ஜ் விடாமல் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. உள்ளே, அதிலிருந்து ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தார். காலடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. கணவர் கதவை மூடாமல் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"எத்தன நாளா?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பற்பசைப் பாட்டிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்.

இரண்டு காதிலும் நரம்பு கெட்டுவிட்டது என்றார் டாக்டர். உச்ச ஒலிகள் போனது போனதுதான். மிச்சமும் மெல்ல மெல்லக் குறையும். பேச்சுக்குக் கருவி வைக்கலாம். இசைக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு அவர் கையை விரித்தார். வெளியே சொல்லவே வேண்டாம், நான் கேட்டுச் சொல்கிறேன் என்று கணவர் பிடிவாதம் பிடித்தார். கம்ப்ரசரில் சின்னக் கோளாறு இருந்தாலும் கண்டுபிடிக்கிற காதாயிற்றே. இரண்டு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். கீச்சுச் சத்தத்தையெல்லாம் சரியாகப் பிடித்தார். வயலினையும் சேர்த்துப் பிடித்தார்.

பற்பசைக் கம்பெனிக்கு அக்காவே போய்ச் சொல்லிவிட்டார். ஏன் சொன்னீர்கள் என்று நான் கோபப்பட்டேன். "தெரியாமக் கெடுத்தா அது தப்பு. தெரிஞ்சே கெடுத்தா அது வேற," என்றார். மேலாளர் டீ கொடுத்து, நிறைய நேரம் பேசி, கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவைத்தார். கூப்பிடவில்லை. அடுத்த பற்பசைப் பாட்டு வேறொருவருக்குப் போனது. வரி எழுதியது நான்தான். அதைச் சொல்லத்தான் ஒரு வாரம் கழித்துப் போனேன்.

"யாரு மியூசிக்?"

சொன்னேன்.

"நல்லாப் பண்ணுவாரு," என்றார். வரியைச் சொல்லிக் காட்டச் சொன்னார். நான் சொல்லி முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் மாலையில் இரண்டு மணி நேரம் வாசிக்கிறார். வலதுபக்கக் கடைசிக் கட்டைகளைத் தொட்டால் 'டொக்' என்ற சத்தம் மட்டும் வருகிறதாம். அந்தப் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்கிறார்.

போன வாரம், பாட்டைச் சரிபார்க்க வைத்திருந்த இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை விற்றார். கீழே இறக்க ஒரு கை வேண்டும் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார். வாங்க வந்தவர் புதிதாகத் தொழில் தொடங்கியிருக்கும் இசையமைப்பாளர். போட்டுக் காட்டச் சொன்னார். அக்கா தன்னுடைய பழைய பாட்டு ஒன்றைப் போட்டார். வந்தவர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்றார்.

"மேல் சத்தமெல்லாம் சுத்தமா வருதுல்லக்கா?"

அக்கா அவருடைய புருவத்தைப் பார்த்தார். அது சுருங்கவில்லை.

"வருது," என்றார்.

பிறகு ஒயரைப் பிடுங்கி, முறுக்கு விழாமல் உள்ளும் புறமுமாக மாற்றி மாற்றிச் சுருட்டினார். கட்டுவதற்கு எதுவும் அகப்படவில்லை. தலையிலிருந்த ரப்பர் பேண்டை உருவி, ஒயரில் இரண்டு சுற்றுச் சுற்றி, அவர் கையில் கொடுத்தார்.