நான் வாசிக்காமல் விட்ட வரி

எங்கள் வீட்டில் ஆங்கிலக் கடிதம் வாசிக்கும் வேலை என்னுடையது. கவுன்சில் கடிதம், காஸ் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், கதவுக்குள் எது வந்து விழுந்தாலும் அது நேரே என் கைக்கு வரும். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஜெர்மனியிலிருந்து லண்டனில் பிளேஸ்டோவுக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அப்பா அம்மாவைவிட எனக்கு ஆங்கிலம் சீக்கிரம் பிடிபட்டுவிட்டதால் வந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு சொல் விளங்காவிட்டால் அதைக் காட்டிக்கொள்ளாமல் தாண்டிப் போய்விடுவேன். அப்படித் தாண்டியதால் ஒருமுறை எங்கள் வீட்டு காஸ் வெட்டுப்பட்டது. ஆனால் நன்றாக விளங்கியே நான் தாண்டிப்போன வரி ஒன்று உண்டு. 

அந்த வரி சித்தப்பாவுக்கு உரியது. அவர் அப்பாவின் தம்பி. எங்களுக்குப் பின்னால் அவரும் ஜெர்மனியிலிருந்து ஒரு தோள்பையோடு வந்து, முன்னறைச் சோபாவில் படுக்கத் தொடங்கினார். பக்கத்தில் ஒரு சின்ன விமான நிலையம் இருந்ததால் எங்கள் கூரைக்கு மேலே நாள் முழுக்க விமானங்கள் தாழப் போகும். விமானம் வந்தால் சித்தப்பா பேச்சை நிறுத்திவிடுவார். ஒரு சொல்லின் பாதியில் இருந்தாலும் அந்தப் பாதியிலேயே நின்றுவிடுவார். வலது கைப் பெருவிரல் மற்ற விரல்களின் கோடுகளில் ஒவ்வொன்றாக ஏறும். கண் எங்கள் தலைகளில் போகும். அப்பா, அம்மா, நான், தம்பி, தன்னையும் சேர்த்து ஐந்து. ஆனால் பெருவிரல் ஆறாவது கோட்டில் போய் நிற்கும். சத்தம் ஓய்ந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்.

வீட்டில் யாரும் இதைப் பற்றிக் கேட்பதில்லை. விமானத்துக்குக் காட்டும் மரியாதை போலும் என்று நான் எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்திலும் ஏழாம் வாய்ப்பாட்டை நடுவில் நிறுத்திவிட்டு விமானம் போகும்வரை காத்திருப்பேன். என் காதைச் சோதிக்கச் சொல்லி டீச்சர் ஒரு கடிதம் தந்தார். அதை வீட்டில் வாசித்தவளும் நானே என்பதால் காது தப்பியது. ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஆறுவரை எண்ணுகிறவரைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு முடிவு இருந்தது. சித்தப்பாவுக்குக் கணக்கு வராது.

இப்படிப்பட்டவருக்கு வேலை கிடைத்த இடத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு பஸ் மாறிப் போனால் ஆற்றோரம் ஒரு சதுப்பு வெளி. நூறு வருடத்துக்கு முன் யாரோ சிலர் அங்கே ஒரு மரக் கொட்டகைக்குள் சட்டமும் துணியும் சைக்கிள் சில்லும் வைத்துப் பறக்கும் யந்திரம் செய்தார்களாம். பறந்ததைவிடச் சேற்றில் விழுந்ததுதான் அதிகமாம். அவர்களைக் கௌரவிக்க அந்த வெளியைத் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆக்கினார்கள். அதற்கு ஒரு மனேஜர் பெண்மணியும், ஓய்வுபெற்ற கனவான்கள் நிறைந்த ஒரு கமிட்டியும். உக்கிய பலகையை மாற்றினால் அது பழைய கொட்டகையா புதுக் கொட்டகையா என்று மூன்று கூட்டம் போட்டார்கள். புல்லை வெட்டினால் குருவிக் கூடுகள் போய்விடும், வெட்டாவிட்டால் பழைய ஓடுபாதை தெரியாது என்று இன்னும் நாலு கூட்டம். கடைசியில் பாதிப் புல்லை வெட்டுவதென்று முடிவாகி, அந்தப் பாதியை வெட்டச் சித்தப்பாவை எடுத்தார்கள்.

நேர்முகத்தில் விமானங்களில் ஆர்வம் உண்டா என்று கேட்டார்களாம். என்ன விமானம் என்று சத்தத்தை வைத்தே சொல்லுவேன் என்றாராம். கமிட்டிக்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். திறப்பு விழாவரை தற்காலிக வேலை, விழா ஒழுங்காக நடந்து முடிந்தால் நிரந்தரம். நிரந்தரமாகாவிட்டால் திரும்ப ஜெர்மனிக்குப் போவதாகச் சித்தப்பா சொல்லியிருந்தார். தம்பியைத் தோளில் ஏற்றுவதற்கும் என் சைக்கிளுக்குக் காற்றடிப்பதற்கும் வேறு யார் இருக்கிறார்கள்?

அப்பா ஒருநாள் மெல்லக் கேட்டார், “உனக்கு அங்கை நிக்க ஏலுமோடா?”

“அங்கை நிக்கிற பிளேன் எல்லாம் கட்டிப்போட்ட நாய் அண்ணை,” என்று சித்தப்பா சிரித்தார். “ஒண்டும் பறக்காது. கிட்டப் போய்த் தொட்டும் பாத்தனான்.”

விழாவுக்கு முந்திய மாதம், கொட்டகைக்கு மின்சாரக் கேபிள் புதைக்க ஒரு நீளக் குழி தோண்டும்படி சொன்னார்கள். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் நானும் கூடப் போய்ப் புல்லில் இருந்து பார்த்தேன். இடுப்பளவு ஆழம் போதும் என்றார்கள், அவர் நெஞ்சளவு தோண்டினார். வரைபடத்தில் நேர்கோடாக இருந்ததை நடுவில் ‘ட’ மாதிரி மடக்கிவிட்டார். மனேஜர் காரணம் கேட்டபோது குறுக்கே வேர் வந்தது என்றார். சுற்றிவரப் பார்த்தேன், அந்த வெளியில் மரமே இல்லை. வீட்டில் வந்து சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை. “தண்ணி நிக்காமல் சரிவு வைச்சவரோ?” என்று மட்டும் கேட்டார். குண்டு விழுந்த நாட்களில் எங்கள் ஊரான மன்னாரில் வெட்டிய பதுங்குகுழிகள் எல்லாம் அந்த வடிவம்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கேபிள்காரர்கள் சொன்ன தேதிக்கு வராததால் குழியைச் சுற்றி ஆரஞ்சு வலை கட்டி அப்படியே விட்டுவிட்டார்கள்.

விழாவுக்கு எங்கள் வகுப்பையும் அழைத்திருந்தார்கள். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை டீச்சர் கதவைச் சாத்திவிட்டு ஒரு இரகசியம் சொன்னார். பதினொன்றரை மணிக்கு இரட்டைச் சிறகு வைத்த பழைய விமானம் ஒன்று எங்கள் தலைக்கு மேலே தாழப் பறந்து வரும். விருந்தினர்கள் திடுக்கிட்டு மகிழ வேண்டும். ஆகவே வீட்டிலும் யாருக்கும் சொல்லக்கூடாது. இருபத்தெட்டுப் பிள்ளைகளும் உதட்டில் விரல் வைத்துச் சத்தியம் செய்தோம். வகுப்பில் சொல்வழி கேட்கும் பிள்ளை என்றால் அது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும், சித்தப்பா சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். பூங்கா ஊழியர்களுக்குக் கொடுத்த நிகழ்ச்சி நிரல்.

“பிள்ளை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு. எத்தினை மணிக்கு எங்கை நிக்கவேணும் எண்டு தெரிஞ்சாக் காணும்.”

பத்து மணி கேற் திறத்தல், பத்தரை வரவேற்பு, பதினொன்று பேச்சுகள் என்று வாசித்துக்கொண்டே போனேன். அடுத்த வரி பதினொன்றரை. அதில் விமானம் இருந்தது. எந்தத் திசையிலிருந்து வரும், எத்தனை தரம் சுற்றும் என்று எல்லாம் இருந்தது. டீச்சரின் முகம் ஞாபகம் வந்தது. “பன்ரண்டு மணி, தேத்தண்ணி,” என்றேன்.

“பதினொண்டுக்கும் பன்ரண்டுக்கும் இடையிலை ஒண்டும் இல்லையோ?”

“இல்லை. பேச்சு நீளமாம்.”

“வெள்ளைக்காரரும் எங்கடை ஆக்கள் மாதிரித்தான்,” என்று சிரித்து, தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

அந்த நிமிடத்திலிருந்து எனக்குப் பயம் பிடித்தது. திங்கள் சோறு இறங்கவில்லை. செவ்வாய் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு விமானத்துக்கும் நானும் விரல்விட்டு எண்ணினேன். கட்டிப்போட்ட நாயின் கயிற்றை நானே அவிழ்த்துவிட்டதுபோல் இருந்தது. புதன் பின்னேரம் தாங்க முடியாமல், “சித்தப்பா, அங்கை உண்மையா ஒரு பிளேன் பறந்தா என்ன செய்வியள்?” என்று கேட்டேன். தேநீர்க் கோப்பை அவர் வாய்க்குப் போகாமல் நடுவில் நின்றது. “ஏன் கேக்கிறாய்?” என்றார். அந்தக் கோப்பை நின்ற விதம் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தபோது கூரைக்கு மேலே ஒரு விமானம் வந்தது. அவர் எண்ணத் தொடங்கினார். எண்ணி முடியட்டும் என்று காத்திருந்தேன். முடிந்தபோது எனக்கு இருந்த கொஞ்சத் தைரியமும் போய்விட்டது. “சும்மாதான்,” என்றேன்.

வியாழக்கிழமை நல்ல வெயில். எங்களை வெள்ளைச் சட்டையும் காகிதக் கொடியுமாக ஓடுபாதை ஓரத்தில், ஆரஞ்சு வலைக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். சித்தப்பா மஞ்சள் ஜாக்கெட் போட்டு, கழுத்தில் விசில் தொங்க, ஆட்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு கண்ணைச் சிமிட்டினார். மேடையில் மீசைக் கனவான் ஒருவர் சைக்கிள் சில்லைப் பற்றிப் பேசினார். நான் கொட்டகைச் சுவர் மணிக்கூட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு முடியாமல் இருக்கவேண்டும், மழை வரவேண்டும், விமானம் பழுதாகவேண்டும் என்று மாதாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

இன்னும் நாலு நிமிடம் இருக்கையில் சித்தப்பாவின் தலை திரும்பியது. வேறு யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. அவருடைய முகம் நான் அறியாத ஒருவரின் முகமாக மாறியதை நான் பார்த்தேன். அடுத்த கணம் விசிலை ஊதியபடி ஓடிவந்து வலையை மிதித்துச் சரித்தார்.

“இறங்குங்கோ! எல்லாரும் இறங்குங்கோ! குப்புறப் படுங்கோ!”

எங்கள் வகுப்பில் தமிழ் தெரிந்தது எனக்கு மட்டும். ஆனால் விசிலும் மஞ்சள் ஜாக்கெட்டும் சொன்னால் கேட்கவேண்டும் என்று தீ ஒத்திகையில் எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். முதல் பத்துப் பேர் விளையாட்டு என்று சிரித்துக்கொண்டே குதித்தார்கள். மிச்சப் பேரை அவரே தூக்கி இறக்கினார். டீச்சர் ஓடிவருவதற்குள் வகுப்பு முழுவதும் குழிக்குள் இருந்தது. அதன் பிறகுதான் சத்தம் வந்தது. தலைக்கு மேலே மஞ்சள் சிறகுகள் போயின, வெளிச்சம் ஒருகணம் மறைந்தது. பக்கத்திலிருந்தவள் அழத் தொடங்கினாள். அவளைப் பார்த்து எல்லோரும் அழுதார்கள். நானும் முகத்தைச் சேற்றில் புதைத்துக்கொண்டு அழுதேன், ஆனால் விமானத்துக்காக அல்ல.

சித்தப்பா எங்கள் முதுகுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போனார். மடிப்புக்கு அந்தப் பக்கமும் போய்த் திரும்பி வந்தார். “ஒண்டு குறையுது,” என்றார். மறுபடியும் எண்ணினார். “ஒண்டு குறையுது. பிள்ளை ஒண்டு குறையுது!” இருபத்தெட்டுப் பேரும் இருக்கிறோம் என்று நான் கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார், நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. குழியின் விளிம்பில் கைவைத்து ஏறி வெளியே ஓடினார். விமானம் திரும்பி இரண்டாம் முறை வந்துகொண்டிருந்தது. விருந்தினர் எல்லோரும் மேலே பார்த்துக் கைதட்ட, அவர் மட்டும் வெட்டாமல் விட்ட பாதிப் புல்லுக்குள் குனிந்து, புல்லை இரண்டு கையாலும் விலக்கி விலக்கித் தேடினார்.

எல்லாம் ஓய்ந்தபின் மீசைக் கனவான் குழிக்குக் கிட்ட வந்து, பிள்ளைகளை வைத்துப் போர்க்கால நாடகம் ஒன்று நடித்துக் காட்டியதாக நினைத்து, மிகத் தத்ரூபம் என்று பாராட்டினார். மனேஜர் அப்படி நினைக்கவில்லை. அவர் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்திருந்தார். பையிலிருந்த தாளை வாங்கி விரித்து, பதினொன்றரை வரியில் விரலை வைத்து, இதை நீங்கள் வாசிக்கவில்லையா என்று மெதுவாகக் கேட்டார். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.  சித்தப்பா அந்த விரலைப் பார்த்தார். வாசித்தேன், மறந்துவிட்டேன் என்றார் தன் முறிந்த ஆங்கிலத்தில். என் பக்கம் திரும்பவே இல்லை.

 அன்று சாப்பாட்டு மேசையில் எல்லோரையும் எப்படியாவது சிரிக்கவைக்க வேண்டும் என்று, “நாங்கள் இருபத்தெட்டுப் பேர். சித்தப்பா ஒண்டு குறையுது எண்டு தேடினவர்,” என்று சொல்லிச் சிரித்தேன். அம்மா எழுந்து குசினிக்குள் போனார். அப்பா கோப்பையைப் பார்த்துக்கொண்டு, “அவன் பிழையா எண்ணேல்லை,” என்றார்.

அடுத்த வாரம் பூங்காவிலிருந்து கடிதம் வந்தது. அதை ஒரு சொல் விடாமல் இரண்டு தரம் வாசித்தேன். தாளில் எழுதிக் கொடுத்ததோடு விடாமல் நேரிலும் சொல்லியிருக்க வேண்டும் என்று மனேஜர் மன்னிப்புக் கேட்டிருந்தார். வேலை நிரந்தரம். இனி அங்கே எது பறப்பதாக இருந்தாலும் ஒரு வாரம் முன்பே அவரிடம் நேரில் சொல்வார்கள், அன்று அவருக்குச் சம்பளத்தோடு விடுமுறை. ‘பறக்கும் நாட்கள்’ என்று ஒரு பட்டியல் அலுவலகக் கதவில் பல வருடம் தொங்கியது. கேபிள்காரர்கள் பிறகு வந்து, குழியின் மடிப்பைக் கண்டு திட்டிக்கொண்டே வேலையை முடித்தார்கள். அந்தக் கேபிள் இன்றைக்கும் நிலத்துக்கு அடியில் மடங்கித்தான் போகிறது.

சித்தப்பாவுக்கு ஒரு மகள் இருந்ததை எனக்குப் பதினேழு வயதில் அம்மா சொன்னார். தாயை முன்பே இழந்த பிள்ளை, என்னைவிட ஒரு வயது மூத்தவள். மன்னாரில் ஒரு பகல்பொழுதில் விமானச் சத்தம் கேட்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையெல்லாம் குழிக்குள் இறக்கிவிட்டு எண்ணியபோது, அவள் மட்டும் அங்கே இல்லை.

இதெல்லாம் தெரியாத ஒன்பது வயதில், அந்த வியாழக்கிழமை மாலை, என் பிழைக்கு ஈடாக அவருக்கு ஏதாவது நல்லது செய்ய நினைத்தேன். கணக்குச் சொல்லிக் கொடுப்பதென்று தீர்மானித்தேன். சோபாவில் அவர் பக்கத்தில் இருந்து, நகக்கண்ணில் இன்னும் சேறு ஒட்டியிருந்த அந்தக் கையைப் பிடித்து, பெருவிரலைக் கோடு கோடாக நகர்த்தி, வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி எண்ணினேன். அவரும் கூடவே எண்ணினார். இருபத்தெட்டு வந்ததும், “அவ்வளவுதான் சித்தப்பா. இதோடை நிப்பாட்டவேணும்,” என்றேன்.

“ஓம் பிள்ளை,” என்று பெருவிரலை அங்கேயே நிறுத்தினார். சரியாக எண்ணிவிட்டார் என்று, டீச்சர் போடுவதுபோல அவர் உள்ளங்கையில் சிவப்புப் பேனையால் ஒரு சரி போட்டேன்.